பொன்னும் பளிங்கும், ஒரு சின்னக் குப்பியும்

அத்தை புனித நாட்டுப் பயணம் போய்வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு சாமான் கிடைத்தது. அம்மாவுக்கு ஒலிவ மரத்தில் செதுக்கிய சிலுவை. தம்பிக்கு பிளாஸ்டிக் பாட்டிலில் யோர்தான் தண்ணீர். எனக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. என் நடுவிரல் உயரம்தான் இருக்கும். அடிப்பக்கம் உருண்டை, மேலே நீளக் கழுத்து, விளிம்பு கொஞ்சம் கோணல். பச்சையா நீலமா என்று சொல்லமுடியாத ஒரு நிறம். வெயிலில் பிடித்துத் திருப்பினால் மீன் செதிலில் ஓடுவதுபோல வானவில் ஓடும். கூடவே ஒரு அட்டை, அதில் ‘சங்கீதம் 56:8’ என்று அச்சடித்திருந்தது.

“கண்ணீர்க் குப்பில இது. அந்தக் காலத்துல அழுதா, கண்ணீர இதுல பிடிச்சு வைப்பாங்களாம். தாவீது ராஜாவே பாடியிருக்காரு பாரு” என்றார் அத்தை.

பார்த்தேன். ‘என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்’ என்று இருந்தது. துருத்தி என்றால் தோல் பை. ஆட்டுத்தோலைத் தைத்துத் தண்ணீரோ திராட்சரசமோ ஊற்றி வைப்பார்களே, அது. புது ரசத்தைப் பழந்துருத்தியில் வார்த்தால் கிழிந்துபோகும் என்று சுவிசேஷத்தில் வருவதும் அதே சாமான்தான். எபிரெயச் சொல்லும் தோல் பையைத்தான் குறிக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். அத்தைக்குக் குப்பி விற்ற கடைக்காரர்தான் தாவீதின் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டார். இப்படி ஊதிச் செய்கிற குப்பி, தாவீதுக்குச் சுமார் 900 வருஷம் கழித்துத்தான் உலகத்துக்கே வந்தது. ரோமர் காலத்துக் கல்லறைகளில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இருந்தது தைலமும் வாசனை எண்ணெயும். ‘கண்ணீர்க் குப்பி’ என்பது பிற்காலத்தில் பழம்பொருள் சேகரித்தவர்கள் ஒட்டிய பெயர்.

இதை அத்தையிடம் சொல்ல எனக்கு அப்போது மனசு வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது. வேதாகமத்தில் கண்ணாடி எங்கேதான் வருகிறது?

பழைய ஏற்பாடு முழுக்கத் தேடினால் கண்ணாடி என்கிற பொருள் வருவது ஒரே ஒரு இடத்தில். யோபு 28:17. ‘பொன்னும் பளிங்கும் அதற்கு ஒப்பல்ல.’ ‘அது’ என்பது ஞானம். இங்கே தமிழில் பளிங்கு என்று இருப்பது எபிரெயத்தில் ‘ஸெகூகீத்’. தெளிவு, சுத்தம் என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல். கண்ணாடிக்கு எபிரெயத்தில் இன்றைக்கும் அதுதான் பெயர். சின்ன வயதில் இந்த வசனம் எனக்கு விளங்கியதே இல்லை. பொன் ஒப்பாகாது என்றால் சரி, பெரிய விஷயம். கண்ணாடி ஒப்பாகாது என்றால் அதிலென்ன பெருமை? ஊறுகாய் பாட்டில் ஒப்பாகாது என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

விலை தெரியாததால் வந்த குழப்பம் இது. யோபு புத்தகம் எழுதப்பட்ட உலகத்தில் கண்ணாடி ராஜாக்களின் சாமான். ஒரு சின்னக் குப்பி செய்ய முதலில் கம்பி நுனியில் களிமண்ணும் சாணமும் பிசைந்த ஒரு கருவைப் பிடிக்க வேண்டும். உருகிய கண்ணாடியை இழை இழையாக அதன்மேல் சுற்ற வேண்டும். ஆறினபிறகு உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது பெரும்பாலும் அந்தப்பக்கம் தெரியாத, நிறம் ஏற்றிய கண்ணாடி. அதன் வேலையே விலையுயர்ந்த கல்லைப் போல நடிப்பது. மெசொப்பொத்தாமியாவில் நீலக்கல்லுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து வெட்டியெடுத்தது ‘மலையின் நீலக்கல்’. கண்ணாடி, ‘சூளையின் நீலக்கல்’. இதைத் தெரிந்துகொண்டு யோபு 28ஐத் திரும்ப வாசித்தால் அதிகாரமே வேறு மாதிரி ஒளிர்கிறது. அது முழுக்கச் சுரங்கம் பற்றிய பாட்டு. கல்லுகளில் இந்திரநீலம் விளையும், பொடிகளில் பொன் கிடைக்கும் என்று மனிதன் பூமியைக் குடைவதைச் சொல்லிக்கொண்டே வந்து, நெருப்பில் அவனே செய்கிற கல்லையும் கடைசியில் பட்டியலில் சேர்த்துவிடுகிறார் அந்தக் கவிஞர்.

நினிவேயில் அசுர்பானிபால் ராஜாவின் நூலகத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் கண்ணாடி செய்யும் முறை இருக்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டு. சூளைக்கு அடித்தளம் போட நல்ல மாதத்தில் நல்ல நாள் பார்க்கவேண்டும். தீட்டுப்பட்டவர் அந்தப் பக்கம் வரக்கூடாது. சரக்கை வைக்கிற நாளில் ஆடு பலியிட்டு, சாம்பிராணி மாதிரி ஒரு தூபம் போட்டு, தேனும் உருக்கிய வெண்ணெயும் வார்த்து, அப்புறம்தான் நெருப்பு மூட்டவேண்டும். நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபோகிற ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பாட்டிலுக்கு இத்தனை மரியாதை என்பதுதான் விஷயம்.

அதற்கும் 700 வருஷம் முன்பே கண்ணாடி அரசாங்கக் கடிதங்களில் வருகிறது. எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் கிடைத்த கடிதங்களில், அஸ்கலோனின் தலைவன் யிதியா பார்வோனுக்கு எழுதுகிறான்: கேட்டபடி 30 கண்ணாடித் துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். அதே காலத்தை ஒட்டி ஒரு கப்பல் துருக்கிக் கரையோரம் உலுபுருனில் மூழ்கியது. 1982இல் கடற்பஞ்சு எடுக்கப்போன ஒருவர் கண்ணில் பட்டு, பல வருஷம் முக்குளித்து எடுத்த சரக்கில் 175 போலக் கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. அடை மாதிரி வட்டமாக, கருநீலத்திலும் பசுநீலத்திலும். அதாவது கண்ணாடியை ஓரிடத்தில் உருக்கிக் கட்டியாக்கி, கப்பலேற்றி, வேறொரு ஊரில் திரும்ப இளக்கிச் சாமான் செய்தார்கள். இந்தப் பழக்கம் பின்னால் நம்மூர்க் கரைவரைக்கும் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதிய கடல்வழிக் குறிப்பில், முசிறிப் பக்கம் இறங்கும் சரக்குகளில் செம்பு, தகரம், ஈயத்தோடு செய்பொருளாகாத கண்ணாடியும் இருக்கிறது.

சரி, மூலப்பொருளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

உபாகமம் 33இல் மோசே கோத்திரங்களை ஆசீர்வதிக்கிறார். செபுலோனும் இசக்காரும் ‘மணலுக்குள்ளே மறைந்திருக்கும் பொருள்களை அநுபவிப்பார்கள்’ என்று ஒரு வரி. மணலில் என்ன மறைந்திருக்கும்? யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் ரபிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். செபுலோன் ஆண்டவரிடம் போய் முறையிடுகிறான்: என் சகோதரர்களுக்கு வயலும் திராட்சத்தோட்டமும் கொடுத்தீர், எனக்கு மலையும் கடலும்தானா? பதில் வருகிறது: எல்லாரும் உன்னைத் தேடித்தான் வருவார்கள். கடலில் நீலச் சாயம் கொடுக்கிற பிராணி இருக்கிறது. மணலில் வெள்ளைக் கண்ணாடி இருக்கிறது. சொத்துப் பிரிக்கையில் கடற்கரைப் பொட்டல் கிடைத்த தம்பியின் குரல் அது. நம் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரர்களுக்கு நன்றாகவே கேட்கும்.

ரபிகள் சும்மா சொல்லவில்லை. அக்கோ என்று நியாயாதிபதிகளிலும், பித்தொலோமாய் என்று அப்போஸ்தலரிலும் வருகிற துறைமுகத்துக்கு அருகே பேலுஸ் என்றொரு சின்ன ஆறு கடலில் விழுகிறது. அதன் முகத்துவாரத்து மணலைப் பற்றி ரோமர் காலத்து எழுத்தாளர்களான ஸ்திராபோ, பிளினி, யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, டாசிட்டஸ் நாலுபேரும் எழுதியிருக்கிறார்கள். 500 தப்படிகூடத் தாண்டாத அந்தக் கரைதான் பல நூற்றாண்டு கண்ணாடிக்கு மணல் கொடுத்தது என்கிறார் பிளினி. எவ்வளவு அள்ளினாலும் பள்ளம் திரும்ப நிரம்பிவிடும் என்கிறார் யோசேப்பு.

பிளினி சொல்லும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். உவர், அதாவது சோடா உப்பு, ஏற்றிவந்த வணிகர்கள் அந்தக் கரையில் சமைக்க இறங்கினார்கள். அடுப்புக்குக் கல் கிடைக்காமல் உவர்க்கட்டிகளை வைத்து உலை ஏற்றினார்கள். உவரும் மணலும் உருகிக் கலந்து பளபளவென்று ஒரு திரவம் ஓடியது, கண்ணாடி பிறந்தது. பிளினியே ‘அப்படி ஒரு கதை’ என்றுதான் எழுதுகிறார். சோறு வைக்கிற அடுப்பில் இது நடக்காது. சூளைக்கு 1100 டிகிரியாவது வேண்டும். ஆனால் கதைக்குள் செய்முறை சரியாக இருக்கிறது. மணல் தனியாக உருக 1700 டிகிரி வேண்டும், பழங்காலச் சூளை எதற்கும் அது எட்டாது. உவரைச் சேர்த்தால் மணல் குறைந்த சூட்டிலேயே இளகும். அதோடு நின்றால் கிடைக்கிற கண்ணாடி தண்ணீரில் கரைந்துபோகும். கொஞ்சம் சுண்ணாம்பும் வேண்டும். பேலுஸ் மணலில் அது சிப்பித் தூளாகத் தானே கலந்திருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. இந்த மணல் நன்றாக வருகிறது, அந்த மணல் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த உவரும் வேதாகமத்தில் இருக்கிறது, வேறு வேலையில். ‘நீ உன்னை உவர்மண்ணினாலே கழுவி, அதிக சவுக்காரத்தைக் கையாடினாலும்’ என்று எரேமியா சொல்கிற உவர்மண்தான் அது, எபிரெயத்தில் ‘நேதெர்’. இதே சொல் நீதிமொழிகள் 25:20இலும் வருகிறது. துக்கத்தில் இருப்பவனிடம் பாட்டுப் பாடுவது ‘வெடியுப்பின்மேல் காடியை வார்க்கிற’ மாதிரியாம். இங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வெடியுப்பின்மேல் காடியை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. உவரின்மேல் ஊற்றிப் பாருங்கள், புஸ்ஸென்று பொங்கும். சமையல் சோடாவும் வினிகரும் வைத்து நான் இதை வீட்டில் செய்துகாட்டியபோது, துக்க வீட்டில் பாட்டுப் பாடுகிறவன் என்ன செய்கிறான் என்பது பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் புரிந்துபோனது.

சூளை வேலை எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு பெத் ஷெஆரீமில் ஒரு சாட்சி கிடக்கிறது. கலிலேயாவின் தென்பக்கம், யூதப் பெரியவர்கள் பலரின் கல்லறைக் குகைகள் உள்ள இடம். 1956இல் அங்கே ஒரு பழைய குகையை அருங்காட்சியகமாக்கச் சுத்தம் செய்தார்கள். நடுவில் பெரிய பாறை ஒன்று. நீளம் 3.4 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தடிமன் அரை மீட்டர்போல. நகர்த்த முடியாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். 1963இல்தான் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, சோதித்துப் பார்த்தால், பாறை இல்லை, கண்ணாடி! ஏறத்தாழ 9 டன். யாரோ பல நாள் விறகைக் கொட்டி எரித்து ஒரே வார்ப்பாக உருக்கியிருக்கிறார்கள். ஆறினபிறகு உடைத்துத் துண்டு துண்டாக விற்பது வழக்கம். ஆனால் இந்தச் சரக்கில் சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது. தெளிவு வராமல் கல் மாதிரி உறைந்துபோயிற்று. போட்ட முதல் அத்தனையும் போச்சு. அன்றைக்கு அந்தச் சூளைக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பாறை இன்னும் அங்கேயே கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி என்றே தெரியாத அளவுக்குக் கெட்டுப்போன கண்ணாடி.

விலை விழுந்த கதைக்கு வருகிறேன். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் எருசலேமில் யாரோ ஒரு கண்ணாடிப் பட்டறையின் கழிவை ஒரு குளியல் தொட்டிக்குள் கொட்டி மூடினார்கள். நஹ்மான் அவிகாத் என்ற அகழாய்வாளர் யூதக் குடியிருப்புப் பகுதியைத் தோண்டியபோது அது வெளியே வந்தது. அதில் கண்ணாடிக் குழல்கள் கிடந்தன. ஒரு முனையைக் கிள்ளி அடைத்து, மறுமுனையில் ஊதியிருக்கிறார்கள். சில குழல்களின் நுனி சின்னக் குமிழாக உப்பியிருக்கிறது. ஊதிச் செய்த கண்ணாடிக்கு உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய தடயம் இது. இரும்புக் குழாய் இன்னும் வரவில்லை, கண்ணாடியையே குழாயாக வைத்துக்கொண்டு ஊதிப் பார்க்கிறார்கள். சாணக்கருவும் சுரண்டலும் ஒரு மூச்சில் தேவையில்லாமல் போயின.

அடுத்த ஐம்பது அறுபது வருஷத்தில் ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கலாம் என்று ஸ்திராபோ எழுதுகிறார். சீதோன் ஊர்க்காரன் என்று சொல்லப்படும் என்னியோன், அச்சுக்குள் ஊதிய தன் கிண்ணங்களில் ‘என்னியோன் செய்தது’ என்று பெயர் பொறித்தான். சிலவற்றில் ‘வாங்குபவர் நினைக்கப்படுவாராக’ என்றும் சேர்த்துக்கொண்டான். ரோமில் உடைந்த கண்ணாடிக்குக் கந்தகக் குச்சி கொடுக்கும் தெருவியாபாரிகளும் இருந்தார்கள். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆளை அடையாளம் காட்டவேண்டியதில்லை.

யூத ரபிகளுக்கு இந்தச் சாமான் ஒரு தலைவலியாகவும் இருந்தது. மோசேயின் சட்டமான தோராவில் மண்பாண்டத்துக்குத் தீட்டுச் சட்டம் இருக்கிறது, கண்ணாடிக்கு இல்லை. அதுவும் மணலில் இருந்துதானே வருகிறது என்று மண்பாண்டத்தோடு சேர்த்துத் தீட்டுப்படும் என்று விதித்தார்கள். கல்பாத்திரம் தீட்டுப்படாது. கானாவூர்க் கல்யாண வீட்டில் இருந்தவை கற்சாடிகள் என்று யோவான் மெனக்கெட்டுச் சொல்வது இதனால்தான். ஊதும் வேலையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை ஒன்றும் உண்டு. மாம்சமும் இரத்தமுமான மனிதன் மூச்சால் ஊதிய கண்ணாடி உடைந்தால்கூட அதைச் சரிசெய்ய வழியிருக்கிறது. தேவன் மூச்சால் ஊதிய மனிதனுக்கு எவ்வளவு அதிகம்! ஆதியாகமத்தில் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதுகிற வசனத்தைச் சூளைக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறார்கள்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் வரும் கண்ணாடி வேறு. ‘இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்.’ கண்ணாடி என்ற ஒரே சொல்லை ஜன்னலுக்கும், மூக்கில் மாட்டுவதற்கும், முகம் பார்ப்பதற்கும் வைத்துக்கொண்டு நாம்தான் திண்டாடுகிறோம். பவுல் சொல்வது முகம் பார்க்கும் கண்ணாடி, அன்றைக்கு அது பெரும்பாலும் வெண்கலம். யாத்திராகமத்தில் ஸ்திரீகள் கொடுத்து வெண்கலத் தொட்டியாக வார்த்ததும் அந்த ஜாதிதான். அங்கே மட்டும் நம் ஆட்கள் முகக்கண்ணாடிக்கான வடசொல்லை வைத்து ‘தர்ப்பணங்கள்’ என்று போட்டு, அமாவாசைக்கு ஆற்றங்கரை போகிறவர்களையும் குழப்பிவிட்டார்கள்.

வெண்கலம் மங்கலாகத்தான் காட்டும், அதனால்தான் நிழலாட்டம் என்று பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நம்பினேன், கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியைக் கையில் எடுக்கும்வரை. செம்பும் தகரமும் கலந்து வார்த்துத் தேய்த்தது. விரல் நுனியை வைத்தால், விரலும் பிம்பமும் இடைவெளியே இல்லாமல் முட்டுகின்றன. நம் குளியலறைக் கண்ணாடியில் நடுவே ஒரு சின்னச் சந்து தெரியும். அவ்வளவு சுத்தமாகக் காட்டியது அது. நல்ல வெண்கலத்தை ஒழுங்காகத் தேய்த்தால் மங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிரேக்கத்தில் பவுல் எழுதியது ‘புதிராக’ என்ற சொல். மோசேயோடு ‘மறைபொருளாக அல்ல, முகமுகமாக’ப் பேசுவேன் என்று எண்ணாகமத்தில் தேவன் சொல்வதைத்தான் அவர் திருப்பிப் போடுகிறார். கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆளை நேரில் பார்க்கிற மாதிரி ஆகுமா என்பதே கேள்வி. ஆனாலும் ‘நிழலாட்டமாய்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அது அவ்வளவு அழகு.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வந்தால் கண்ணாடி பொழிகிறது. சிங்காசனத்துக்கு முன் ‘பளிங்குக்கொப்பான கண்ணாடிக்கடல்’. அக்கினி கலந்த கண்ணாடிக்கடல். அப்புறம் புதிய எருசலேம்: ‘நகரம் தெளிந்த பளிங்குக்கு ஒப்பான சுத்தப்பொன்னாயிருந்தது.’ இந்தக் கடைசிப் பளிங்கும் கிரேக்கத்தில் கண்ணாடிதான், முன்னே கடலுக்குச் சொன்ன அதே சொல்லின் உறவு. பொன்னை அளவுமீறிச் சுத்தம் செய்தால் அந்தப்பக்கம் தெரியும் என்று மேடையில் ஒருவர் அடித்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தெரியாது. தகடாகத் தட்டித் தட்டி மெலிதாக்கினால் கொஞ்சம் பச்சை வெளிச்சம் கசியும், அவ்வளவுதான். இந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் பொன்னின் ரசாயனம் எழுதவில்லை. அவர் காலத்தில் கண்ணாடி செப்புக்காசுச் சாமான். ஆனால் நிறமே இல்லாமல், பளிங்குக்கல் மாதிரித் தெளிந்த கண்ணாடிதான் எல்லாவற்றிலும் மேலானது என்று பிளினி எழுதியதும் அந்தத் தலைமுறையில்தான். யோபுவில் பொன்னுக்குப் பக்கத்தில் கண்ணாடி நின்றது விலையால். யோவானிடம் பொன்தான் கண்ணாடியைப் பார்த்துத் தெளியவேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு எருசலேம் தொழிலாளி குழலை வாயில் வைத்து ஊதியிருக்கிறார்.

யோபுவின் அந்த வசனத்தை வைத்து இரண்டு ரபிகள் பேசியதும் தல்மூதில் இருக்கிறது. தோராவின் வார்த்தைகள் பொன்னைப்போலச் சம்பாதிக்கக் கஷ்டமானவை, கண்ணாடியைப்போல இழக்கச் சுலபமானவை என்று ஒரு விளக்கம். ரபி அக்கிபா அப்படிச் சொல்லவில்லை. பொன் பாத்திரமும் கண்ணாடிப் பாத்திரமும் உடைந்தாலும் திரும்ப உருக்கலாம், தவறிப்போன அறிஞனுக்கும் அப்படி ஒரு வழி உண்டு என்றார். மண்பாண்டத்துக்கு அது கிடையாது.

போன மாதம் அத்தை வீட்டுக்கு வந்திருந்தபோது குப்பி மேஜைமேல் இருந்தது. மண்ணுக்குள் பல நூறு வருஷம் கிடந்து உப்பு கசிந்துபோனால் மேல்தோல் ஏடு ஏடாகப் பிரிந்து இப்படி வானவில் காட்டும் என்று சொன்னேன். அமிலம் வைத்து ஒரே வாரத்திலும் அதை வரவழைப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக, இது கண்ணீருக்கானது கிடையாது, அந்தக் காலத்துப் பெண்கள் தைலம் வைத்த குப்பி என்பதையும் போட்டு உடைத்தேன்.

அத்தை குப்பியை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார்.

“தைலந்தான? அப்ப நல்லதுதாம்ல. அழுறதுக்குப் போய் எவ குப்பி வாங்குவா.”

குப்பியை வைத்துவிட்டுக் காப்பி கேட்டார்.